ஒழுகும் மேல்படுக்கை

மூன்றாம் எண் படுக்கைப் பெட்டியில், மேல்படுக்கையில் படுத்தவர் காணும் கனவு கீழ்படுக்கையில் படுத்தவரின் நெற்றியில் சொட்டியது. சொட்டியதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காலையில் கீழ்த் தலையணையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருக்கும். அதற்கு மணம் கிடையாது. வெயிலில் போட்டால் காயாது, நிழலில் போட்டால் காயும். எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதுதான் தெரியவில்லை. பெட்டியின் மேற்பார்வையாளன் அதைத் தேடித் தேடிச் சலித்துப்போனான். அவனுக்குத் திருப்புளி என்று பட்டப்பெயர். மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப்பையில் அவன் திருப்புளி குத்தியிருந்தான். எந்தப் பொருளைக் கண்டாலும் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. மனிதர்கள் மீது அவனுக்கு அந்த அக்கறை இருந்ததில்லை. மனிதர்களுக்குப் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியேதான் இருக்கும் என்பது அவன் எண்ணம்.

அந்தப் பெட்டிகளைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பகலில் உள்ளே போனால் சாயும் பலகையுடன் ஒரு மெத்தை இருக்கை மட்டும் இருக்கும். இரவில் அந்தச் சாயும் பலகையின் அடிவிளிம்பைப் பிடித்துத் தூக்கினால், மேல்விளிம்பில் உள்ள கீல் சுழன்று பலகை படுக்கை மட்டத்துக்கு வரும். இரண்டு பித்தளைக் கைகள் நீண்டு டக்கென்று பூட்டிக்கொள்ளும். அதுதான் மேல்படுக்கை. கீழே இருக்கையை முன்னுக்கு இழுத்தால் அது கீழ்படுக்கை. மூலையில் அலமாரி போல இருப்பதைத் திறந்தால் முகம் கழுவும் தொட்டி. மூடினால் அழுக்குத் தண்ணீர் தானாகக் கவிழ்ந்து, குழாய் வழியாகத் தண்டவாளத்துக்குப் போய்விடும். மேல்படுக்கையின் பலகை ஒரே மரமல்ல. மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒன்றின் ரேகை நெடுக்காகவும் அடுத்ததன் ரேகை குறுக்காகவும் வைத்துப் பசைபோட்டு இறுக்கியது. அதன் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் விடியும்வரை அப்படியே நிற்கும். திருப்புளி ஊற்றிப் பார்த்தான், நின்றது. கனவு நிற்கவில்லை.

பெட்டிகள் திருப்புளியின் அக்கா புருஷனுடையவை. எல்லோரும் அவரை முதலாளி என்றார்கள். அவரும் கண்ணாடியில் தன்னை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார் போல. பழைய இரும்புக் கிடங்கில் கோழிகள் அடைந்துகிடந்த மூன்று பெட்டிகளை எடைக்கு வாங்கி, எச்சத்தைச் சுரண்டி, பித்தளையைத் துலக்கி, முன்னால் புகைவண்டி எஞ்சின் ஒன்றை வாடகைக்குப் பூட்டி, தலைநகரிலிருந்து துறைமுகத்துக்கு ஓட்டினார். விமானத்தில் ஒரு தூக்கம் போடுவதற்குள் போய்விடக்கூடிய தூரம். அதை ராத்திரி முழுக்க ஊர்ந்து போவதற்கு ஜனங்கள் முண்டியடித்தார்கள். எல்லாம் சொந்தப் பாட்டியின் பழைய கட்டிலை மழையில் போட்டு உளுக்கவிட்ட ஜனங்கள். ஊரான் வீட்டுப் பழசு என்றதும் கண் கலங்கியது. அவர்களால் தனியாகப் பயணம் செய்ய முடியாது. காலுறையை உருவிவிட ஒருவர் வேண்டும், உருவியதை எங்கே வைத்தோம் என்று சொல்லவும் அவரே வேண்டும். ஆகவே முதலாளி ஒரு சலுகை வைத்தார்: சீட்டு வாங்குபவருக்குக் கீழ்படுக்கை, அவருடைய துணையாளுக்கு மேல்படுக்கை இலவசம். துணையாள் என்றால் டிரைவர், சமையல்காரி, எடுபிடி. அவர்கள் ஏணி வைத்து ஏறிக்கொள்வார்கள். கீழே இருப்பவருக்கு ஏறும் சிரமம் இல்லை.

முதலில் புகார் சொன்னவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். ராத்திரி முழுக்க ஒரு காரின் கதவைத் திறந்து பிடித்தபடி மழையில் நின்றதாகவும், ஏற வேண்டிய ஆள் வரவே இல்லை என்றும், தோள்பட்டை இன்னும் வலிக்கிறது என்றும் சொன்னார். அடுத்தது நகைக்கடை அம்மாள். அவர் காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கேட்கத் தன் கனவைச் சொன்னார்.

"ஒரு பொம்பளைங்க. கழுத்துல ரெண்டு மடிப்பு. கத்துறா, கத்துறா, அப்படிக் கத்துறா. இஸ்திரிப் பெட்டியத் தூக்கி எம்மேலயே எறியுறா. துணி கொஞ்சம் மடங்கிருச்சாம். இந்த மாதிரி மட்டமான பொம்பளைகிட்ட எல்லாம் எப்படித்தான் வேலைக்காரங்க காலம் தள்ளுறாங்களோ, பாவம்!"

"பாவந்தாம்மா" என்றாள் பின்னால் நின்ற அவருடைய பணிப்பெண், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தேநீரை ஊற்றியபடி. அம்மாள் கழுத்து மடிப்பைத் துடைத்துக்கொண்டு, தேநீரில் சர்க்கரை குறைவு என்று அவளைத் திட்டினார்.

திருப்புளி வேலையில் இறங்கினான். பலகையின் மூட்டுகளில் மக்கு வைத்து அடைத்தான். அடியில் ரப்பர் விரிப்பைக் கட்டினான். அதையும் கடந்து வந்ததால் தார்ப்பாயைக் கட்டினான். தகரம் அடித்துப் பார்த்தபோது, கனவு தகரத்தில் விழும் சத்தம் டொக் டொக்கென்று பக்கத்து அறைவரை கேட்டது. அதன் பிறகும் ஒழுகியது. கூரை ஒழுகினால் ஓடுகளைச் சாய்ப்பதுபோல, சக்கரத்துக்கு மேலிருக்கும் வில்சுருள்களில் ஒருபக்கம் மரச்சக்கை கொடுத்துப் பெட்டியையே லேசாகச் சாய்த்தான். அன்று எல்லா அறைகளின் கனவும் ஓடிவந்து கடைசி அறையில் வடிந்தது. அங்கே படுத்திருந்த கட்டட ஒப்பந்தக்காரர் நான்கு டிரைவர்களின் கனவைக் கண்டு, விழித்ததும் பீடி கேட்டார். சக்கையைப் பிடுங்கிவிட்டார்கள்.

இதற்குள் முதலாளிக்கு வியாபாரம் புரிந்துவிட்டது.

"என்ன மச்சான், இன்னும் ஓட்டையத் தேடுறியா? ஓட்டைன்னு சொல்லாத. அனுபவம்னு சொல்லு."

அதற்குப் 'பாரம்பரியக் கனவு' என்று பெயர் வைத்து விளம்பரத்தில் போட்டார். நூறாண்டு மரம் தன் நினைவைப் பயணிகளுக்குத் தருகிறதாம். மரம்தான் பாவம், வாய் திறந்து மறுக்க முடியாது. அடுத்த சில வருஷங்கள் அந்த ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. காலைச் சாப்பாட்டு மேசையில் யார் அதிக ஏழையாகக் கனவு கண்டார்கள் என்று போட்டி நடந்தது. கூரையில்லாத வீட்டில் தூங்கியவர், ஓடு போட்ட வீட்டில் தூங்கியவரை இளக்காரமாகப் பார்த்தார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், கனவில் பசித்துக் கிடந்த ஒரு குழந்தையை நினைத்துத் தேம்பி அழுதார். அழுதுகொண்டே, முட்டை ஆறிப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். அந்தக் குழந்தையின் அப்பன்தான் முட்டையைச் சமையலறைக்கு எடுத்துப்போனான். கனவு எங்கிருந்து வருகிறது என்று மேலே அண்ணாந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. திருப்புளியும் பலகையைப் பார்த்தானே தவிரப் பலகைமேல் படுத்தவர்களைப் பார்க்கவில்லை.

ரயில் ஓடத் தொடங்கிய ஐந்தாம் ஆண்டுநிறைவுக்கு ஒரு பெரும் பயணத்தை முதலாளி அறிவித்தார். ரயில்வேயின் பெரிய அதிகாரி வருகிறார். பத்திரிகைக்காரர் ஒருவர் படக்கருவியுடன் வருகிறார். முதலாளியே மூன்றாம் எண் பெட்டியின் முதல் அறையில், கீழ்படுக்கையில் படுப்பார். மேலே அவர் மனைவி படுப்பாள். காலையில் எல்லார் முன்னிலையிலும் மனைவியின் கனவை அவர் எடுத்துச் சொல்லப்போகிறார். "அவளுக்கு என்ன பெரிய கனவு வந்துடப் போவுது? புடவை, வளையல். பொம்பளை வாசகர்களுக்குப் பிடிக்கும்" என்றார்.

திருப்புளியின் அக்கா கல்யாணத்துக்கு முன்னால் பல் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவள். மெழுகில் ஈறு வார்ப்பாள். அதில் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, கடித்தால் மேலும் கீழும் பொருந்துகிறதா என்று பார்ப்பாள். ஊரான் வாய்க்கு என் பெண்டாட்டி பல் செய்வதா என்று முதலாளி அதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக அவளுக்குப் பெரிய வீடும், வாசலில் காவல்காரனும், எங்கே போனாலும் கூடவே போய், போன இடத்தை வந்து சொல்லும் டிரைவரும் கொடுத்தார். அவள் அதிகம் பேசுவதில்லை. பேசாதவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைக்கும் சாதி முதலாளி.

பெரும் பயணத்துக்கு முன்னால் பெட்டியைச் சோதனை ஓட்டமாகக் கொண்டுபோனார்கள். புதுத் திரைச்சீலைகள் சரியாகத் தொங்குகின்றனவா என்று பார்க்க அக்காவையும், அவளுக்குக் காவலாக டிரைவரையும் அனுப்பினார் முதலாளி. பார்த்து முடித்த களைப்பில் அவள் மேல்படுக்கையில் கண்ணயர்ந்தாள். ஒழுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் திருப்புளி கீழே படுத்தான். நெற்றியில் சில்லென்று ஒன்று விழுந்தது. அவன் ஒரு நடைமேடையில் இறங்கினான். காலில் அக்காவின் செருப்பு, கையில் ஒரு பை. எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஊர் அது. வழியில் வேறெங்கும் தண்ணீர்க்குழாய் இல்லாததால் விடியற்காலையில் வண்டி அங்கே நின்றே தீர வேண்டும். நிலையத்துக்கு வெளியே ஒரு தெரு, தெருவில் ஒரு பட்டறை, பட்டறையின் மேசையில் மெழுகு இளகிக்கொண்டிருந்தது. யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. அந்த நிம்மதி அவனுக்குத் தாங்கவில்லை, திரும்பிப் பார்த்தான். ரயில் வாசலில் ஒரு சின்ன ஆள், சட்டை நிறையப் பித்தளைப் பித்தான்கள் போட்டுக்கொண்டு, முதலாளியின் தலையணையைக் குழந்தைபோல ஏந்தியபடி நின்றான். அது தான்தான் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

காலையில் அக்கா ஏணியில் இறங்கி, அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"உன் மேல சொட்டிச்சா?"

"ம்... அந்த ஊர்ல யாரு இருக்கா, அக்கா?"

"யாருமில்ல. அதான் போறேன். பட்டறைக்காரம்மா ஆள் வேணும்னாங்க. நான் வர்றேன்னு சொல்லிட்டேன்."

"என்னை ஏன் அப்படிப் பாக்குற? தலையணையத் தூக்கிட்டு நிக்கிற மாதிரி?"

"நீ தூக்கிட்டுத்தானேடா நிக்கிற."

அவன் பித்தான் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தான். அக்கா கொஞ்சம் தணிந்தாள்.

"இங்க பாரு. காரும் காவலும் இல்லாம நான் வெளிய கால் வைக்கப்போறது அந்த ஒரு பயணத்துலதான். எனக்குத் தினமும் வர்றது இந்த ஒரே கனவு. இது அவர் மேல விழுந்தா, அப்புறம் வாசக்கதவுக்குப் பூட்டுதான். உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. அந்த ஓட்டைய மட்டும் அடைச்சுக் குடு."

தூங்காமல் கிடந்தால் போதாதா என்று கேட்கலாம். அந்த மேல்படுக்கையில் தூங்காமல் கிடக்க ஒருவராலும் முடியாது. அதற்குக் காரணம் உண்டு. பெட்டி சக்கரத்தின் மேல் வில்சுருளில் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டம் அடியில் குறைவு, உயரப் போகப் போக அதிகம். ஆகவே மேலே இருப்பவருக்கு அது தொட்டில். போதாததற்கு உள்ளிருக்கும் சூடெல்லாம் கூரையடியில் போய்த் தேங்கும். இரண்டும் சேர்ந்தால் தீயணைப்பு வீரனும் தூங்கிவிடுவான். வண்டி நின்று ஆட்டம் நின்றால்தான் விழிப்பு வரும். எனவே திருப்புளி அடைக்கத்தான் வேண்டும். ஈயத்தகடு போட்டான், மெழுகு பூசினான், கண்ணாடிகூட வைத்துப் பார்த்தான். சோதிக்க, பெட்டி துடைப்பவனை மேலே படுக்கவைத்து, தான் கீழே படுத்தான். பெட்டி துடைப்பவனின் கனவில் எல்லாப் பயணிகளும் முகம் கழுவும் தொட்டியின் குழாயை அடைத்த முடிக்கற்றைகளாக வந்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

பயண நாள் வந்துவிட்டது. சாயங்காலம் பெட்டியில் விளக்கேற்றினார்கள். பக்கத்து அறையில் அதிகாரி கீழே மல்லாந்திருந்தார்; அவருடைய பியூன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். பியூனின் வெடித்த குதிகால், அதிகாரியின் மூக்குக்கு நேர்மேலே ஒரு கணம் நின்று, பிறகு மேலே போயிற்று. திருப்புளி நடைவழியில் நின்று அந்தக் குதிகாலைப் பார்த்தான். இத்தனை வருஷமாக அவன் பலகைக்கு என்ன செய்யலாம் என்றே யோசித்திருந்தான். மேலே இருப்பவர் கீழேயும், கீழே இருப்பவர் மேலேயும் படுக்கலாம் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. சீட்டு வாங்கியவர் ஏணி ஏறுவதா? அப்படி ஒரு எண்ணத்துக்கு அந்தப் பெட்டியில் மாட்ட ஓர் ஆணிகூடக் கிடையாது. அவன் நேரே முதல் அறைக்குப் போனான்.

"அத்தான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லித் தொலை."

"அங்க அதிகாரி தலைக்கு மேல பியூன் காலு நீட்டிக் கிடக்குது. அது அவர் பாடு. இங்க உங்க தலைக்கு மேல அக்கா காலு நீட்டுனா... பத்திரிகைக்காரர் படம் வேற எடுப்பாரு."

முதலாளி யோசித்தார். பழக்கமில்லாத வேலை என்பதால் அது முகத்தில் தெரிந்தது.

"அந்தக் காலத்துல ராஜாங்க எல்லாம் எங்கடா படுத்தாங்க?"

"மேலதான் அத்தான். அவங்களுக்கு மேல கூரை மட்டும்தான்."

இது பொய். திருப்புளி அதுவரை பொய் சொன்னதில்லை. மனிதர்களிடம் பேசியதே குறைவு. ஆனாலும் அது மரையில் திருகாணி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"அப்ப கனவு? காலையில அந்த ஆளுகிட்ட என்னத்தச் சொல்றது?"

"அக்கா கனவ நீங்க சொல்றது பெருமையா, உங்க கனவ அக்கா சொல்றது பெருமையா?"

முதலாளியை இரண்டு சுமைதூக்கிகளும் பத்திரிகைக்காரரும் சேர்ந்து ஏற்றினார்கள். பித்தளைக் கைகள் ஒருமுறை முனகின, உடையவில்லை. செய்தவர்கள் இப்படிப்பட்ட உடம்புகளைப் பார்த்துப் பழகியவர்கள். அக்கா கீழே படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"அவர் கனவு உன் மேல சொட்டுமேக்கா" என்று முணுமுணுத்தான் திருப்புளி.

"சொட்டிட்டுப் போவுது. பகல்ல கொட்டுறத விடவா?"

விடியற்காலையில் வண்டி தண்ணீருக்கு நின்றது. ஆட்டம் நின்றதும் முதலாளி விழித்தார். மேல்படுக்கைக்காரர் காற்று வாங்குவதற்காக அங்கே சிறிய ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாகத் தன் மனைவி கையில் பையுடன் நடைமேடையில் நடந்து போவதைப் பார்த்தார்.

"டேய்! அவ எங்கடா போறா?"

"இறங்கிட்டாங்க அத்தான்."

"ஏணி! ஏணியக் கொண்டாடா!"

திருப்புளி ஏணியைக் கொண்டுவந்தான். அறை வாசலில் அதைச் சாய்த்துவைத்து, சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தான்.

"இதுல ரெண்டு கொக்கி இருக்கு, அத்தான். இடது கொக்கி படுக்கை விளிம்புல மாட்டுது. வலது கொக்கி சும்மா துணைக்கு. எல்லாரும் ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க, கிடையாது. பாரமெல்லாம் இடதுலதான். அந்த இடதோட ஆணி கொஞ்சம் லூசா இருக்கு..."

"கொக்கி கிடக்கட்டும்டா நாயே!"

"கிடக்கக் கூடாது அத்தான். கிடந்தா நீங்க விழுந்துருவீங்க."

குதித்தால் ஒரு ஆள் உயரம்கூட இல்லை. ஆனால் முதலாளி வாழ்நாளில் எதிலிருந்தும் தானாக இறங்கியதில்லை. எப்படி இறங்குவது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒரு காலைத் தொங்கவிட்டார், பயந்து மேலே இழுத்துக்கொண்டார். திருப்புளி ஆணியைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் தொட்டு, மறுபடி பூட்டினான். பூட்டும்போது மரை எதற்காகச் சாய்வாக வெட்டப்படுகிறது என்பதையும் சொன்னான். இவ்வளவு ஆசையாக அவன் எதையும் யாருக்கும் விளக்கியதில்லை. எஞ்சின் ஊதியது. வண்டி நகர்ந்து ஆட்டம் தொடங்கியதும், முதலாளி ஒரு வசவின் பாதியிலேயே தூங்கிப்போனார்.

திருப்புளி கீழ்த் தலையணையை எடுத்துப் பார்த்தான். காய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினான், பிழிந்தான், கன்னத்தில் வைத்துப் பார்த்தான். துறைமுகம் வரும்வரை அந்தக் கீழ்படுக்கையிலேயே படுத்துக் கிடந்தான். மேலே குறட்டை கூரையைத் தூக்கியது. கீழே ஒரு துளி விழவில்லை. பிறகு வந்த பயணங்களில் நகைக்கடை அம்மாளை மேலே ஏற்றிப் பணிப்பெண்ணைக் கீழே படுக்கவைத்தான், நீதிபதியை ஏற்றினான், ஒப்பந்தக்காரரை ஏற்றினான். தலைக்கு மேல் கூரை மட்டும்தான் என்று சொன்னால் அவர்கள் தாங்களாகவே முண்டியடித்து ஏறினார்கள். எல்லாத் தலையணைகளும் காய்ந்தே இருந்தன. பாரம்பரியக் கனவை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டு, ராஜ படுக்கை என்று போட்டார்கள், கட்டணம் குறையவில்லை. மனைவி உடம்பு தேற வெளியூர் போயிருக்கிறாள் என்று முதலாளி கேட்டவர்களிடம் சொன்னார். யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. திருப்புளியை வேலையைவிட்டுத் துரத்தினார். படுக்கைகளை மடக்க வேறு யாருக்கும் தெரியாததால் அதே வாரம் கூப்பிட்டுக்கொண்டார். தலையணை தூக்க மட்டும் வேறு ஆள் வைத்தார்கள். தண்ணீர் பிடிக்கும் ஊரில் வண்டி நிற்கும்போது திருப்புளி இறங்கிப் பட்டறைக்குப் போய், அக்காவின் மேசையில் தேநீர் குடித்துவிட்டு, ஊதும் சத்தம் கேட்டதும் ஓடிவந்து ஏறிக்கொள்வான்.

மூன்றாம் எண் பெட்டி இன்றும் ஓடுகிறது. சீட்டு வாங்கியவர் மேலே படுக்கிறார், துணையாள் கீழே படுக்கிறார். கீழே காணும் கனவு தரைப்பலகை வழியாகத் தண்டவாளத்தில் விழுகிறது; அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மேலே இருப்பவர்களிடமிருந்து ஒழுக ஒன்றும் இல்லை.